ஆவுளியா வலையில் பட்ட அன்று: கடலோரத்திலிருந்து தகவல் சொன்ன அனுபவங்கள்

சேதுபாவாசத்திரம் பக்கத்திலிருந்து:

செய்தித்தாள்கள் கடற்பசு என்று எழுதுவதைப் பாக் விரிகுடாக் கரையில் நாங்கள் ஆவுளியா என்போம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இருப்பதால், தெரியாமல் வலையில் பட்டால்கூட வழக்கு வந்துவிடுமோ என்று அஞ்சி வாய் திறக்காமல் இருந்தவர்கள் எங்கள் ஊரில் பலர்.

சில ஆண்டுகளுக்கு முன், காற்று ஓய்ந்திருந்த ஒரு விடியற்காலையில் அண்ணன் வலையை வாங்கும்போது வழக்கத்துக்கு மாறாகக் கனத்தது. தண்ணீரின் ஆழம் இரண்டு பாகம்தான், ஏறத்தாழப் பன்னிரண்டு அடி. முதலில் மேலே வந்தது மூக்கு. மூடி போட்டதுபோல் இறுகியிருந்த இரண்டு துளைகளும் ஒரு மூச்சுக்குத் திறந்து மறுபடியும் இறுகின. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்க முடியாவிட்டால் ஆவுளியா மூழ்கிச் செத்துவிடும் என்பதால், அண்ணன் யாரையும் அழைப்பதற்கு முன் கத்தியைத்தான் எடுத்தார். அவர் வலையை அறுத்து முடிக்கும்வரை நான் அதன் தலையை நீருக்கு மேல் தாங்கிக்கொண்டிருந்தேன். படகில் ஏற்றவோ வாலைப் பிடித்து இழுக்கவோ நாங்கள் முயலவில்லை. அது நீந்திப் போனதையும் அறுந்த வலையையும் கைபேசியில் படம் பிடித்து வனச்சரக அலுவலகத்துக்கு அனுப்பினோம். வழக்கு எதுவும் வரவில்லை. வலைக்கு இழப்பீடு வந்தது.

இடத்தைச் சொல்வதில்தான் நாங்கள் முன்பு தவறியிருக்கிறோம். அதற்கு முந்தைய ஆண்டு இறந்த ஆவுளியா ஒன்று கரை ஒதுங்கியபோது, "மனோராவுக்குத் தெற்கே, முகத்துவாரம் தாண்டி" என்று அப்பா தொலைபேசியில் சொன்னார். எங்களுக்கு அது போதும். மறுமுனையில் கேட்டவரோ எந்த முகத்துவாரம் என்று அறியாமல் வேறு கரைக்கு ஆளை அனுப்பிவிட்டார். அவர்கள் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்து, நாய்கள் வயிற்றுப் பகுதியைக் குதறியிருந்தன. எதனால் இறந்தது என்று ஆராய்வதற்கு அதிகம் மிஞ்சவில்லை. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டபோது எனக்கு அந்த நாள்தான் நினைவுக்கு வந்தது. இப்போது கைபேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகையை அனுப்பிய பிறகே மற்றதைச் சொல்கிறேன்.

சென்னை பெசன்ட் நகரிலிருந்து:

2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கிய நாட்களில், விடிவதற்கு முன் கடற்கரையில் நடந்தவர்களில் நானும் ஒருத்தி. கழுத்து வீங்கி, கண்கள் பிதுங்கிக் கிடந்த அந்த முகங்களை இன்னும் மறக்க முடியவில்லை. ஒரே ஆமையைப் பற்றி மூன்று பேர் தனித்தனியாகத் தகவல் சொல்வதும், அலை அதை நகர்த்திவிட்டால் அது புதிய கணக்கில் சேர்வதும் அப்போது நடந்தன. அதனால் எண்ணி முடித்த ஆமையின் ஓட்டில் வண்ணம் பூசி அடையாளமிட்டோம். படம் எடுப்பவர்கள் முழு உடலும், பக்கத்தில் அளவு தெரிய ஒரு செருப்பும், பின்னால் ஏதேனும் ஒரு கட்டடமும் தெரியும்படி எடுத்தால் எங்களுக்குப் பேருதவி. உயிரோடு ஒதுங்கிய ஆமையைக் கடலுக்குள் தள்ளிவிட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். நீர் குடித்துத் தளர்ந்த ஆமை திரும்பவும் மூழ்கிவிடும்.

மணப்பாட்டிலிருந்து:

2016 ஜனவரியில் எங்கள் கரையில் 80க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கியபோது நானும் கயிறு பிடித்தேன். படகில் கட்டி ஆழத்துக்கு இழுத்துச் சென்று விட்டோம். விட்டவற்றில் பல மறுபடியும் கரையை நோக்கியே வந்தன. வாலில் கயிறு கட்டி இழுப்பது அவற்றின் உடலுக்கே கேடு என்பதைப் பிறகு ஒரு கால்நடை மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன். தலையின் மேல் மூச்சு விடும் ஊற்றுத்துளையில் மணலும் நீரும் புகாமல் பார்த்து, ஈரத்துணி போர்த்தி, கூட்டத்தை விலக்கி நிறுத்துவதுதான் நாங்கள் செய்திருக்க வேண்டியது.

இடம் பற்றி மேலே சொல்லியிருப்பது மனிதர்களுக்கும் பொருந்தும். என் மைத்துனரின் படகில் இயந்திரம் நின்றுபோனபோது கடலோரக் காவல்படையின் 1554 எண்ணை அழைத்தோம். எடுத்தவர் முதலில் கேட்டது அட்சரேகையும் தீர்க்கரேகையும். அடுத்து, படகில் எத்தனை பேர் என்பது.