மனைவிக்கு பிரிட்டனில் நர்ஸ் வேலை, கொலுசுப் பட்டறைக்காரன் நான் டிபெண்டன்டாக (அவளைச் சார்ந்தவனாக) போகலாமா?

சிவதாபுரத்தான்:
மனைவி சேலத்தில் நர்ஸ். லீட்ஸில் ஒரு மருத்துவமனையில் வேலை உறுதியாகிவிட்டது, விசாவுக்காக மருத்துவமனை தரும் ஸ்பான்சர் சான்றுக்குக் காத்திருக்கிறோம். நான் பிளஸ் டூ. அப்பா காலத்துக் கொலுசுப் பட்டறை, பற்றவைப்பு, மெருகு எல்லாம் தெரியும், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததே இல்லை. எனக்கு அங்கே என்ன வேலை செய்ய அனுமதி கிடைக்கும், வெள்ளி வேலையே பார்க்க முடியுமா? ஏஜென்ட் ஒருவர் இப்போதெல்லாம் குடும்பத்தை அனுமதிப்பதில்லை என்கிறார். அம்மாவோ, "அவள் பையனோடு முதலில் போகட்டும், நீ பட்டறையை ஒரு வருடம் பார்த்துவிட்டுப் போ" என்கிறார். பையனுக்கு ஆறு வயது.

அஸ்தம்பட்டி டு ஷெஃபீல்ட்:
ஏஜென்ட் குழப்புகிறார் அண்ணா. 2024 மார்ச் 11 முதல் குடும்பத்தை அழைத்துவர முடியாது என்றது கேர் வொர்க்கர்களுக்கு, அதாவது முதியோர், நோயாளிகளைப் பராமரிக்கும் பணியாளர்களுக்கு, பதிவு பெற்ற நர்ஸுக்கு இல்லை. நானும் மனைவியின் விசாவில்தான் இருக்கிறேன். தொழில்முறை விளையாட்டு வீரர், பயிற்சியாளர் வேலை தவிர எதையும் செய்யலாம், சொந்தத் தொழிலும் சரி. ஹெல்த் அண்ட் கேர் விசா (மருத்துவத் துறை வேலைக்கான விசா) என்பதால், மற்ற விசாக்களில் பெரியவருக்கு வருடத்துக்கு 1,035 பவுண்ட் ஆகும் மருத்துவக் கட்டணமும் உங்கள் மூவருக்கும் கிடையாது. வங்கியில் உங்களுக்கு 285, பையனுக்கு 315 பவுண்ட் 28 நாள் இருந்ததாகக் காட்ட வேண்டும், மருத்துவமனையே பொறுப்பேற்று எழுதிக் கொடுத்துவிட்டால் அதுவும் வேண்டாம்.

ஆனால் அம்மா சொல்லும் யோசனை நடக்காது. குழந்தையின் அப்பாவும் அம்மாவும் இருவருமே அங்கே இருந்தால், அல்லது சேர்ந்து வந்தால்தான் குழந்தைக்கு விசா, ஒருவர் மட்டுமே முழுப் பொறுப்பு என்று நிரூபித்தால் வேறு கதை, உங்கள் வீட்டுக்கு அது பொருந்தாது. அண்ணி முதலில் தனியாகப் போய் ஓஸ்கி தேர்வை (அங்கே நர்ஸாகப் பதிவு பெறுவதற்கான செய்முறைத் தேர்வு) முடிக்கட்டும், தேர்வு நேரத்தில் புது ஊரில் வீடு தேடிக்கொண்டு, பையனைப் பள்ளியில் சேர்த்துக்கொண்டு இருந்தால் பாவம் அவர்களுக்குத்தான் கஷ்டம். அப்புறம் நீங்களும் பையனும் சேர்ந்து போங்கள்.

பர்மிங்ஹாம் தட்டான்:
வெள்ளி வேலைக்கு இங்கே இடம் இருக்கு தம்பி. பர்மிங்ஹாமில் ஜுவல்லரி குவார்ட்டர் என்று ஒரு பகுதியே நகைப் பட்டறைதான். லீட்ஸிலிருந்து தினமும் வந்து போகிற தூரம் இல்லை, அதனால் முதலில் வேறு வேலை பார்த்துக்கொண்டே கையை விடாமல் வைத்திருங்கள். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: நம்ம ஊர் டச் (வெள்ளியின் தூய்மைக் கணக்கு) இங்கே செல்லாது. ஆயிரத்துக்கு 800 பங்குக்குக் குறைந்தால் வெள்ளி என்று சொல்லி விற்கவே கூடாது, பெரும்பாலும் கேட்பது 925. 7.78 கிராமைத் தாண்டினால் ஹால்மார்க் கட்டாயம், 1973 சட்டம். லண்டன், பர்மிங்ஹாம், ஷெஃபீல்ட், எடின்பர்க் ஆகிய நாலு ஊர்களில்தான் முத்திரை போடுவார்கள், உங்களுக்கு ஷெஃபீல்ட் பக்கம். கொலுசு என்றால் பெரும்பாலும் அந்த எடையைத் தாண்டிவிடும்.

சிவதாபுரத்தான்:
நன்றிங்க. பட்டறையையும் விட மனசில்லை. வருடத்தில் பாதி அங்கே, பாதி இங்கே இருந்தால்?

அஸ்தம்பட்டி டு ஷெஃபீல்ட்:
விசா போகாது, ஆனால் அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கான கணக்கு கெட்டுவிடும். எந்த 12 மாதத்திலும் 180 நாளுக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. இன்னொன்று, அந்த உரிமைக்கு வேண்டிய ஐந்து வருடம் என்பது உங்களுக்கு உங்கள் விசா கிடைத்த தேதியிலிருந்துதான், அண்ணியின் தேதியிலிருந்து இல்லை. அதைப் பத்து வருடமாக்கும் திட்டத்தை அரசு 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் அறிவித்தது, அதனால் இந்த விஷயத்தில் ஏஜென்ட் பேச்சை நம்பாமல் அரசுத் தளத்தையே பாருங்கள். உங்கள் விசா அண்ணியின் வேலையைப் பிடித்துத்தான் நிற்கிறது, அந்த வேலை போனால் உங்கள் விசாவும் ஆட்டம் காணும். பட்டறையை விற்காமல் தம்பி யாரிடமாவது ஒப்படைக்க முடியுமா என்று பாருங்கள்.

ஏற்காட்டு அக்கா:
கல்யாணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்திருக்கிறீர்களா? கோயில் ரசீதை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறவர்கள் நிறைய. இல்லையென்றால் அதை இன்றே ஆரம்பியுங்கள். பாஸ்போர்ட்டில் மனைவி பெயர் எப்படி இருக்கிறதோ, சான்றிதழிலும் இனிஷியல் உட்பட அப்படியே இருக்கட்டும். உங்களுக்கும் பையனுக்கும் காசநோய்ப் பரிசோதனையும் வேண்டும், பிரிட்டன் அரசு அங்கீகரித்த மையத்தில்தான், சென்னையில் இருக்கிறது.