ராஜபாளையம் குட்டி: நம்பி வாங்க ஆள் சொல்லுங்கள்

வணக்கம். ராஜபாளையம் குட்டி ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறோம். ஒருவரிடம் போனில் விசாரித்தேன். தாய் நாயைப் பார்க்கணும் என்றதும் "அது தோட்டத்துல நிக்குது சார்" என்று நழுவினார். குட்டிக்கு வயது ஐந்து வாரமாம், உடனே தூக்கிட்டுப் போகலாமாம்! நாய் வளர்ப்பு, விற்பனைக்கான 2017 மத்திய அரசு விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது; வளர்த்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவும் செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டேன், போனை வைத்துவிட்டார்.

என் பெரிய கவலை காதுதான். வெள்ளை நிறத்தோடு பிறவியிலேயே காது கேளாமையும் இந்த இனத்தில் வருவதுண்டு. கூட்டத்தில் ஒரு குட்டி திரும்பினால் மற்றதும் திரும்பும் என்பதால், தனியே பிரித்து, பின்னாலிருந்து கைதட்டிப் பார்க்கலாம். ஆனால் ஒரு காது மட்டும் கேட்காவிட்டால் அதில் தெரியாது. ஒவ்வொரு காதும் கேட்கிறதா என்று மூளையின் மின் அலைகளை வைத்துப் பார்க்கும் பேயர் (BAER) டெஸ்ட்டை நாய்களுக்குத் தமிழ்நாட்டில் எங்கே செய்கிறார்கள்?

அப்புறம், தாய் தகப்பன் இரண்டையும் நேரில் காட்டி, கென்னல் கிளப் (நாய் இனங்களைப் பதிவு செய்யும் சங்கம்) சான்றிதழும் தடுப்பூசி அட்டையும் கையில் கொடுப்பவரிடம் வாங்கிய அனுபவம் இருந்தால் சொல்லுங்கள். விலை கூடினாலும், அடுத்த ஈற்று வரை காத்திருக்கச் சொன்னாலும் சரி. புரோக்கர்கள் மட்டும் தயவுசெய்து இன்பாக்ஸுக்கு வர வேண்டாம்.