சக்கரம் இறங்காவிட்டால் இன்ஜினை அணைக்கலாமா?

செம்பவாங்காரன்:
நேற்று தேக்காவில் நண்பருடன் பேச்சு. சிலேத்தார் விமான நிலையத்தில் நிற்கும் ஒரு பைபர் ஏரோவில் (Piper Arrow, சக்கரத்தை உள்ளே மடக்கும் ஒற்றை இன்ஜின் சிறு விமானம்) அவருக்குப் பங்கு உண்டு. சக்கரம் இறங்காமல் வயிற்றில் இறங்க நேர்ந்தால், ஓடுபாதை நெருங்கியதும் இன்ஜினை அணைத்து புரொப்பல்லரைப் படுக்கைவாட்டில் நிறுத்திவிட வேண்டும் என்கிறார். எனக்கும் சரியாகப் படுகிறது. சுற்றும் பிளேடு தரையில் அடித்தால் இன்ஜினுக்குள் இருக்கும் கிராங்க்ஷாஃப்ட் தண்டு வரை அதிர்ச்சி போகும், இன்ஜினையே பிரித்துப் பார்க்க வேண்டும். சும்மா செலவா?

சிலேத்தார்_குருவி:
வேண்டாம் அண்ணே. இன்ஜினை அணைத்தாலும் புரொப்பல்லர் காற்றில் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அதை நிறுத்த வேகத்தைக் குறைக்க வேண்டும், குறைத்தால் ஸ்டால், இறக்கை தாங்காமல் விமானம் விழும். தரைக்கு நூறு அடி மேலே சாவியை முறுக்கி ஸ்டார்ட்டரால் பிளேடைப் படுக்கைவாட்டுக்குத் திருப்புகிறவர் கண் எங்கே இருக்கும்? ஓடுபாதையில் இருக்காது.

பழைய_மெக்கானிக்:
தம்பிகளா, கடைசி நிமிடத்துக்கு வந்துவிட்டீர்கள். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது நிறைய. பகலில் நேவிகேஷன் லைட் போட்டிருந்தால் ஏரோவில் சக்கரங்கள் இறங்கிப் பூட்டியதைக் காட்டும் மூன்று பச்சை விளக்கும் மங்கிவிடும், வெயிலில் எரிவதே தெரியாது. ஒன்று மட்டும் எரியவில்லையா, பக்கத்து பல்பைக் கழற்றி அதில் மாட்டிப் பாருங்கள். சக்கரத்தை இயக்கும் ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்த) பம்ப் ஓடவில்லையா, சர்க்கிட் பிரேக்கரைப் பாருங்கள். அப்புறம் வேகத்தை 87 நாட் (knot) அளவுக்குக் கீழே கொண்டுவந்து, இரண்டு சீட்டுக்கும் நடுவே இருக்கும் எமர்ஜென்சி நெம்புகோலை அழுத்துங்கள். அதில் சக்கரத்தை மேலே பிடித்து வைத்திருப்பது ஹைட்ராலிக் அழுத்தம்தான், கொக்கி கிடையாது. அழுத்தம் போனால் தன் எடையிலேயே விழும். முன்சக்கரத்துக்கு ஸ்பிரிங்கும் உதவும்.

செம்பவாங்காரன்:
சரி, அத்தனையும் செய்தும் இறங்கவில்லை என்றால்? சிலேத்தார் ஓடுபாதை 1,836 மீட்டர். ஏரோவுக்குத் தாராளம்.

சிலேத்தார்_குருவி:
நீளம் இருக்கிறது, ஆனால் சக்கரம் வெளியே இல்லாத விமானத்துக்குக் காற்றின் இழுவை குறைவு, மிதந்துகொண்டே போகும். கணக்கு தப்பினால் இன்ஜின் இருக்கிறவர் மறுபடி சுற்றி வரலாம், அணைத்தவருக்கு அந்த வழி இல்லை. அதைவிட முக்கியம், ஏரோவில் ஆள் ஏறி இறங்க ஒரே கதவு, வலப்பக்கம். தரையில் உரசி விமானத்தின் உடம்பு வளைந்தால் அது சிக்கிக்கொள்ளும். முன்பே தாழைத் திறந்து வைத்துவிட வேண்டும்.

செம்பவாங்காரன்:
கதவு விஷயத்தை இன்றே நண்பரிடம் சொல்கிறேன். ஸ்டார்ட்டரைத் தொடக்கூடாது என்பதையும் ஏற்கிறேன். ஆனால் ஓடுபாதை கைக்குள் வந்தது உறுதியான பிறகு மிக்ஸ்சரை (எரிபொருளை நிறுத்தி இன்ஜினை அணைக்கும் பிடி) இழுப்பதில் தவறில்லை.

சிலேத்தார்_குருவி:
தரையைத் தொடும்வரை அந்த உறுதி யாருக்கும் கிடையாது அண்ணே. தொட்ட பிறகு இழுக்கட்டும்.