சிங்கப்பூரில் சில நாள், கையைக் கடிக்காத சாப்பாடு: உங்கள் அனுபவம் என்ன?

திருச்சிப் பயணி

ஒரே கூரையின்கீழ் பல சின்னச் சாப்பாட்டுக் கடைகள் சேர்ந்திருக்கும் உணவங்காடி நிலையத்தைப் பற்றி இங்கே யாருக்கும் நீட்டி விளக்கத் தேவையில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். சைனாடவுன் காம்ப்ளெக்ஸ், இரண்டாம் மாடி, உச்சி வேளை. அம்மா பிறவிச் சைவம். காலையிலிருந்து சுற்றியதில் அவருக்குக் கால் ஓய்ந்துவிட்டது. எதிரில் சிக்கன் ரைஸ் கடை. "வெறும் சோறும் வெள்ளரிக்காயும் வாங்கிக் கொடு, கையிலிருக்கும் ஊறுகாயைத் தொட்டுச் சாப்பிட்டுக்கொள்கிறேன்" என்றார்.

வரிசையில் நின்று கேட்டேன். கடையில் ஒரு சீனப் பாட்டி. என் பின்னால் நின்ற அம்மாவின் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "இறைச்சி சாப்பிடுவீர்களா?" என்று சைகையும் ஆங்கிலமுமாகக் கேட்டார். இல்லை என்றோம். உடனே கையை வீசி, "உங்களுக்குத் தர மாட்டேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பின்னால் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பிறகுதான் அவர் சோற்றுப் பானையைக் காட்டி, கோழிக் கொழுப்பு, கோழிச் சாறு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்தச் சோறே கோழியில் வெந்தது!

அதோடு நிற்கவில்லை. கடையை உள்ளே இருந்த பையனிடம் விட்டுவிட்டு, அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கடை வரிசைகளைத் தாண்டி ஒரு பௌத்த சைவக் கடை. அங்கிருந்த அம்மாளிடம் சீனத்தில் ஏதோ சொல்லி, எங்களை ஒப்படைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். சோறு, டோஃபு, இரண்டு வகைக் காய் எல்லாம் சேர்த்து நாலரை வெள்ளிதான் (சிங்கப்பூர் டாலரை அங்கே வெள்ளி என்பார்கள்). அம்மா அந்தப் பயணத்தில் வயிறு நிறையச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

நன்றி சொல்லலாம் என்று போனால், எல்லாம் விற்றுத் தீர்ந்து கடையை அடைத்துவிட்டார்கள். மறுநாள் காலை விமானம். அது இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

உட்லண்ட்ஸ்வாசி

திருச்சி நண்பரே, படித்ததும் மனம் நெகிழ்ந்தது. இங்கேயே பல ஆண்டுகளாக வசிப்பவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பெரியவர்களை அழைத்து வருபவர்களுக்கு உதவும்.

பார்த்தால் சைவம் போலத் தெரியும், உள்ளே சைவம் இருக்காது. கங்கோங் கீரை வதக்கலில் பெலாச்சான் என்ற இறால் விழுது சேர்ப்பார்கள். சம்பல் என்ற மிளகாய்ச் சட்னியிலும் பெரும்பாலும் அதே விழுது. லக்ஸா என்ற நூடுல்ஸ் குழம்பில் காய்ந்த இறால். சார் குவே தியாவ் என்ற வறுத்த நூடுல்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம். வெறும் கீரைதானே என்று வாங்கினால் மேலே சிப்பி சாஸ் ஊற்றியிருப்பார்கள். "காய்கறி மட்டும்" என்று கேட்டால் போதாது. "மீன் வேண்டாம், இறால் வேண்டாம், சிப்பி சாஸ் வேண்டாம்" என்று தனித்தனியாகச் சொல்லுங்கள்.

பௌத்த சைவக் கடைகளில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். விரதக்காரர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஒன்று மட்டும்: சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் மீன், வாத்து வடிவத்தில் பலகாரம் அடுக்கியிருக்கும். உங்கள் பாட்டி பார்த்துப் பதறுவதற்கு முன் சொல்லிவிடுங்கள். முட்டை சேர்த்திருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பூகிஸ் பக்கம் தங்கினால் மிடில் ரோட்டிலுள்ள ஃபார்ச்சூன் சென்டருக்குப் போங்கள். ஒரே கட்டடத்தில் பல சைவக் கடைகள். அருகில்தான் வாட்டர்லூ ஸ்திரீட். அங்கே குவான் இம் கோயிலும் நம் ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. சீன பக்தர்கள் கிருஷ்ணனுக்கும் ஊதுவத்தி ஏற்றிவிட்டுப் போவதைப் பார்க்கலாம்.

என் அனுபவம் என்று கேட்டால், ஊரிலிருந்து வந்த மாமனார் அந்தச் "சைவ மீனை"த் தொடாமல் எழுந்துவிட்டார். அவ்வளவுதான்.

கோவைக் கணக்கர்

உணவங்காடி பற்றி எல்லோரும் சொல்கிறார்கள். அந்த இரண்டு கூட்டல் குறிகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே!

ஆற்றங்கரை ஓர உணவகம், பெயர் வேண்டாம். மனைவியின் பிறந்தநாள். விலைப் பட்டியலில் ஒவ்வொரு தொகைக்கும் பின்னால் ++ என்று சின்ன எழுத்தில். உட்கார்ந்ததும் கேட்காமலேயே வேர்க்கடலைத் தட்டு வந்தது, ஈரத் துண்டும் வந்தது. பில்லைப் பார்த்தால் கடலைக்கு ஒரு தொகை, துண்டுக்குத் தலைக்கு ஒரு தொகை, அதன்மேல் பத்து விழுக்காடு சேவைக் கட்டணம், அந்த மொத்தத்தின்மேல் ஜிஎஸ்டி. 2024இலிருந்து வரி மட்டும் ஒன்பது விழுக்காடு. ஆக, பட்டியலில் நூறு வெள்ளி என்றால் கையிலிருந்து போவது ஏறத்தாழ நூற்று இருபது. பிரிக்காத துண்டை எடுத்துக் காட்டி, "இதைத் தொடவே இல்லை" என்றேன். பரிமாறியவர் ஒரு வார்த்தை பேசாமல் பில்லில் துண்டுக்கான தொகையை அடித்துவிட்டுக் கொடுத்தார். கடலையைக் குழந்தை தின்றுவிட்டது. கேட்டால் எடுக்கிறார்கள், கேட்காவிட்டால் கட்டணம். அந்த அமைதியான அடித்தல்தான் எனக்கு ஆறவே இல்லை. உணவங்காடியில் இந்த வம்பே கிடையாது, எழுதியிருக்கும் விலைதான் கொடுக்கும் விலை.

இன்னொன்று. லிட்டில் இந்தியா பகுதியின் சிராங்கூன் சாலையிலேயே தங்கி மூன்று வேளையும் இட்லி, தோசை என்று தின்றுவிட்டுத் திரும்புகிறவர்களை எனக்குப் புரியவே இல்லை. அதற்கு எதற்கு விமான டிக்கெட்?

சேலத்து ஆசிரியை

கணக்கர் ஐயா, என் அப்பாவுக்குச் சர்க்கரை நோய். நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், பழக்கமான உணவாக இருக்க வேண்டும். லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்கா உணவங்காடி நிலையத்தில் காலையில் தோசை கிடைத்ததால்தான் அவரால் மற்ற இடங்களைப் பார்க்கவே முடிந்தது. எல்லோருடைய வயிறும் ஒன்றல்ல. அதோடு, தேக்காவில் நீங்கள் தின்னும் பிரியாணியும் மீ கோரெங்கும் அந்த ஊர்ச் சாப்பாடுதான். இந்திய முஸ்லிம்கள் அங்கேயே உருவாக்கிய சிவப்பு நூடுல்ஸ் நம் ஊரில் எங்கே இருக்கிறது?

என் மனத்தில் நிற்பது வேறு. தேக்காவில் மேசை கிடைக்காமல் தட்டோடு நின்றோம். ஒரு காலி மேசையில் காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் மட்டும் இருந்தது. யாரோ மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று அப்பா அதை எடுத்துக் கொடுக்க ஆளைத் தேடினார். பக்கத்து மேசைத் தமிழ்ப் பெரியவர், "அது இடம் பிடித்த அடையாளம் ஐயா, வைத்துவிடுங்கள்" என்று சொல்லி, தன் மேசையிலேயே நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார். அவர் நாகப்பட்டினத்துக்காரர். அப்பாவும் அவரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். நான் அப்பாவை அவ்வளவு பேசிப் பார்த்ததில்லை.

கையில் காசில்லா மாணவன்

டவுனர் ரோட்டில் இருக்கும் மத்திய சீக்கியர் கோயிலில் லங்கர் உண்டு. யார் போனாலும் சாப்பாடு, காசு கிடையாது. ஊருக்குத் திரும்பும் முன் கையிருப்பு தீர்ந்த நாளில் போனேன். தலையை மூடத் துணி கொடுத்தார்கள். பருப்பு, சப்பாத்தி, காய். போதும் என்று தட்டின்மேல் கையை மறைத்தேன். பரிமாறிய பெரியவர் என் கையை மெல்ல நகர்த்திவிட்டு இன்னொரு சப்பாத்தி வைத்தார். முகத்தைப் பார்த்தே பசியைக் கண்டுபிடித்துவிட்டார். பட்ஜெட் பயணிகள் எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்.

கோவைக் கணக்கர்

தம்பி, உங்கள் நிலைமை புரிகிறது. ஆனால் "பட்ஜெட் பயணிகள் குறித்துக்கொள்ளுங்கள்" என்பதை ஏற்க முடியவில்லை. விமானத்துக்கும் அறைக்கும் பணம் கொடுத்தவர்கள் பக்தர்கள் சேவை செய்து சமைக்கும் சோற்றைச் சிக்கன வழியாக எண்ணலாமா?

உட்லண்ட்ஸ்வாசி

லங்கரின் நோக்கமே பணக்காரன், ஏழை என்று பார்க்காமல் ஒரே வரிசையில் உட்கார வைப்பதுதான் கணக்கரே. தகுதி பார்த்துச் சோறு போட்டால் அது லங்கர் இல்லை. ஆனாலும் தம்பிக்கு ஒரு வார்த்தை: போகிறவர்கள் முதலில் வழிபாட்டுக் கூடத்தில் வணங்கிவிட்டுப் போகட்டும், சாப்பிட்ட பின் பாத்திரம் கழுவவோ பரிமாறவோ சற்று நேரம் நிற்கட்டும். உண்டியலில் இயன்றதைப் போடட்டும். தட்டில் மிச்சம் வைக்கவே கூடாது.

கையில் காசில்லா மாணவன்

பாத்திரம் கழுவினேன் அண்ணா. அதை எழுதாமல் விட்டுவிட்டேன்.

மதுரைத் தாய்

நாங்கள் போன உணவங்காடி முழுவதும் இருட்டு. தண்ணீர்க் குழாயை வைத்துத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். துப்புரவுக்காக அவ்வப்போது மொத்தமாக மூடுவார்களாம். இரண்டு பிள்ளைகளும் பசியில் அழ ஆரம்பித்துவிட்டார்கள். கழுவிக்கொண்டிருந்தவர்களில் ஒரு வங்காளதேசத் தம்பி வேலையை நிறுத்தி, காலணியைக் கழற்றித் தண்ணீரை உதறிவிட்டு, எங்களை அடுத்த அடுக்குமாடி வீட்டுத் தொகுதியின் கீழிருந்த கோப்பிக் கடை வரை கொண்டுவந்து விட்டார். அங்கே சாப்பிட்ட ரொட்டி பிராட்டாவையும் பருப்புக் குழம்பையும் பெரியவன் இன்னும் கேட்கிறான். அந்தத் தம்பிக்கு ஒரு கோப்பி வாங்கிக் கொடுக்க எவ்வளவோ சொன்னேன், வாங்கிக்கொள்ளவில்லை. மேலாளர் பார்ப்பார் என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடினார்.

உட்லண்ட்ஸ்வாசி

அக்கா, மூடும் நாட்களைத் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் இணையத்தளத்தில் முன்கூட்டியே போடுகிறார்கள். திங்கட்கிழமை பல தனிக் கடைகளுக்கு விடுமுறை. இரவு எட்டுக்கு மேல் பழைய நிலையங்களில் பாதிக் கடை அடைத்திருக்கும். குழந்தைகளோடு வருகிறவர்கள் பதினொன்றரைக்கே மதியச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டுக்கு அலுவலகக் கூட்டம் வந்துவிடும். தண்ணீருக்குக் காசு செலவழிக்காதீர்கள், குழாய்த் தண்ணீரையே தைரியமாகக் குடிக்கலாம். ரயிலிலும் பேருந்திலும் எதையும் தின்னவோ குடிக்கவோ கூடாது, அபராதம் ஐந்நூறு வெள்ளி வரை போகும். தட்டைத் திருப்பி வைப்பதும் 2021 செப்டம்பரிலிருந்து உணவங்காடிகளில் கட்டாயம். ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு இருக்கும், மாற்றி வைத்துவிடாதீர்கள்.

தெருவோரம் வெயிலிலும் மழையிலும் விற்றவர்களைப் பதிவுசெய்து, எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அரசு கூரை கட்டி, தண்ணீர்க் குழாய் கொடுத்து உள்ளே கொண்டுவந்தது. இந்த உணவங்காடிப் பண்பாட்டை 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். பாட்டிமார்களும் தாத்தாக்களும் விடியற்காலையிலேயே எழுந்து அடுப்பு மூட்டுவதால்தான் உங்களுக்கு ஐந்து வெள்ளிக்குச் சாப்பாடு கிடைக்கிறது. தயவுசெய்து அவர்களிடம் பேரம் பேசாதீர்கள். போன மாதம் ஒரு சுற்றுலாக் குடும்பம் ஐம்பது காசு குறைக்கச் சொல்லி ஒரு தாத்தாவிடம் வாதாடியதைப் பார்த்து எனக்கு வயிறெரிந்தது.

கோவைக் கணக்கர்

பேரம் கூடாது, சரி. ஆனால் மீன், இறால், நண்டு மட்டும் எடைக்கணக்கு. பட்டியலில் இருப்பது பெரும்பாலும் நூறு கிராமுக்கான விலை. எடை போடச் சொல்லி, மொத்தத் தொகையைக் கேட்டபின் சமைக்கச் சொல்லுங்கள். இது பேரம் ஆகாது.

புதிதாகப் போகிறவர்

அடுத்த வாரம் கிளம்புகிறோம். கார்டு மட்டும் போதுமா? காலையில் சர்க்கரை இல்லாத காப்பி எப்படிக் கேட்பது?

சேலத்து ஆசிரியை

கார்டு போதாது தங்கை. சின்னக் கடைகளில் ரொக்கமும் உள்ளூர் கியூஆரும்தான். இரண்டு வெள்ளி, ஐந்து வெள்ளி நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள். சும்மா கோப்பி என்றால் இனிப்புப் பால் சேர்த்து வரும். "கோப்பி சி கோசோங்" என்று சொன்னால் சர்க்கரை போடாமல், இனிப்பில்லாத பாலோடு கொடுப்பார்கள். பால் வேண்டாம் என்றால் "கோப்பி ஓ கோசோங்". அப்பா இதை ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.