டைமிங் பெல்ட் மாற்றச் சரியான டூல் தேடிய அனுபவங்கள்

கோவை, கார் பட்டறை

பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட்டையும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டையும் ஒத்துச் சுழலவைக்கும் பல் பெல்ட்தான் டைமிங் பெல்ட். மாருதி 800 காலத்தில் தொழில் பழகியவர்களுக்கு அதை மாற்ற ஸ்பேனர் பெட்டியும் நல்ல கண்ணும் போதும். கேம் புல்லியின் குறி பின்மூடியில் உள்ள வெட்டுக்கு நேராக, கிராங்க் குறி ஆயில் பம்ப் மேல் உள்ள அம்புக்கு நேராக நிற்க வேண்டும். பெல்ட்டுக்கு இறுக்கம் கொடுக்கும் டென்ஷனரை விட்டு இறுக்கி, கையால் சுற்றிப் பார்த்து மூடிவிடலாம். நானும் அந்த வண்டியில்தான் கை பழகினேன். ஆனால் டீசல் போலோ, வென்டோ, டஸ்டர் எல்லாம் பட்டறைக்கு வரத் தொடங்கிய பிறகு அந்த முறை செல்லாது. அவற்றில் ஷாஃப்ட்டை அசையாமல் நிறுத்தும் பின்னும் லாக்கும் இல்லாமல் பெல்ட்டைக் கழற்றவே கூடாது. ஒரு பல் தவறினால் இன்ஜின் ஒழுங்காக ஓடாது. மேலும் சில பல் தவறினால் பிஸ்டன் வால்வை இடித்து, வால்வு வளைந்து, ஹெட்டை இறக்க வேண்டியதாகிவிடும்.

வோக்ஸ்வாகன் டீசலுக்குக் கிராங்க் லாக் வாங்கப் போன கதையைச் சொல்கிறேன். கடையில் வண்டியின் பெயரைக் கேட்டார்கள். 'டிடிஐ' (வோக்ஸ்வாகனின் டர்போ டீசல் இன்ஜின்) என்றதும் உறையில் போட்ட ஒரு லாக்கை எடுத்து நீட்டினார்கள். "இது டி10050-ஆ, டி10100-ஆ?" என்று லாக்கின் எண்ணைக் கேட்டேன். "எல்லாம் ஒன்றுதான் சார், டிடிஐ-க்குப் போடுவார்கள்" என்றார் பையன். ஒன்றே இல்லை. இரண்டும் உள்ளங்கையில் அடங்கும், மேலோட்டமாகப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். டி10050 வட்டமான கிராங்க் பல்சக்கரத்துக்கு உரியது. டி10100 நீள்வட்டப் பல்சக்கரத்துக்கு உரியது. பெல்ட்டில் ஏறி இறங்கும் இழுவிசையைத் தணிப்பதற்காகத்தான் அந்தச் சக்கரத்தை நீள்வட்டமாகச் செய்தார்கள். புல்லியைக் கழற்றிவிட்டு நேர் எதிரே நின்று பார்த்தால் அந்த வட்டக் குறைவு கண்ணுக்குத் தெரியும். பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் தெரியாது.

சரியான லாக் என்றால், சக்கரத்தின் குறியும் லாக்கின் குறியும் நேராக வந்ததும் விரலால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். அதன் பின்பக்க முளை, முன் ஆயில் சீல் இருக்கும் தகட்டின் துளையில் போய் உட்காரும். சுத்தியல் தேவைப்படுகிறது என்றால், ஒன்று லாக் தவறு, இல்லாவிட்டால் கிராங்க் சரியான இடத்தில் நிற்கவில்லை. வேறோர் இடத்தில் வேலை பார்த்துவிட்டு என்னிடம் வந்த ஒரு வண்டியில் அந்தத் துளையின் விளிம்பு நசுங்கியிருந்தது. யாரோ தட்டித் தட்டி ஏற்றியிருக்கிறார்கள். பார்க்கவே மனம் கசந்தது.

இரண்டு லாக்கும் இருக்கும் செட்டாக வாங்கிவிட்டேன். கேம் பக்கமும் டீசல் பம்ப் பக்கமும் செருகும் 3359 என்ற எண் கொண்ட பின்கள் 6 மி.மீ. தடிமன். அவை தேய்ந்தால் இங்கேயே லேத் பட்டறையில் கடைந்து வாங்கிக்கொள்ளலாம். லாக்கை மட்டும் கடைந்து வாங்க நினைக்காதீர்கள், அந்த உள்வடிவம் அளவு மாறாமல் வருவது கடினம். இந்த மாதிரி டூல் தேடிய அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

சென்னை, வாகன உரிமையாளர்

என்னுடையது அப்பா வைத்திருந்த பழைய ஹோண்டா சிட்டி, 1998இல் இந்தியாவுக்கு வந்த முதல் தலைமுறை. டைமிங் பெல்ட் மாற்றக் கிராங்க் புல்லியைக் கழற்ற வேண்டும். அதன் நடு போல்ட் ஆண்டுக்கணக்கில் இறுகிப்போய் அசைய மறுத்தது. பக்கத்து மெக்கானிக் ஒருவர், நீண்ட கம்பியைப் போல்ட்டில் மாட்டித் தரையில் முட்டுக் கொடுத்து ஸ்டார்ட்டரை ஒரு நொடி தட்டச் சொன்னார். பெரும்பாலான இன்ஜின்களில் அது பலிக்கும், ஏனென்றால் அவை கடிகாரச் சுற்றில் சுழல்பவை. இந்தப் பழைய ஹோண்டா இன்ஜின் எதிர்ச் சுற்றில் சுழலும். ஸ்டார்ட்டரைத் தட்டினால் போல்ட் இன்னும் இறுகத்தான் செய்யும். நல்லவேளையாக அதை முன்பே படித்திருந்தேன்.

இதற்கென்றே ஒரு பிடிகட்டை இருக்கிறது. புல்லியின் நடுவில் அறுகோணக் குழி ஒன்று இருக்கும், அதில் 50 மி.மீ. அறுகோணக் கட்டை பொருந்தும். கட்டையின் நடு ஓட்டை வழியாக 19 மி.மீ. சாக்கெட் உள்ளே போய்ப் போல்ட்டைப் பிடிக்கும். ஒரு கம்பி கட்டையைத் தாங்கி நிற்க, இன்னொரு கம்பி போல்ட்டைத் திருப்பும். புதுப்பேட்டையில் கடை கடையாகக் கேட்டேன். பலர் செயின் ரெஞ்சைக் காட்டினார்கள். அதைச் சுற்றி இறுக்கினால் புல்லியின் வரிப்பள்ளங்கள் நசுங்கும், புது பெல்ட் ஓட ஓட அங்கேயே அறுபடும் என்று மறுத்துவிட்டேன். கடைசியில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒரு பெரியவர் அலமாரியின் அடித்தட்டில் இருந்து தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். "இதைக் கேட்டு ஆள் வந்து ரொம்ப நாளாகிவிட்டது தம்பி" என்றார். வீட்டுக்கு வந்து மாட்டிய பிறகு, ஒரே அழுத்தில் படீரென்று விட்டது போல்ட்.

யாழ்ப்பாணம், கராஜ்

கோவை அண்ணை சொன்னது சரி, டூல் இல்லாமலும் செய்யலாம் என்று நினைக்கும் இடத்தில்தான் சேதம் வருகிறது. இங்கே பழைய கொரோலாக்கள் நிறைய ஓடுகின்றன. கிராங்க் புல்லியைக் கழற்ற மூன்று கால் புல்லரை வெளிவிளிம்பில் மாட்டி இழுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளி வளையத்துக்கும் உள் பகுதிக்கும் நடுவில் இருப்பது ரப்பர். வெளியைப் பிடித்து இழுத்தால் அந்த ரப்பர் கிழிந்து, பிறகு புல்லி ஆடிக்கொண்டே சுழலும். புல்லியின் முகத்தில் மரை வெட்டிய துளைகள் இருந்தால், அவற்றில் போல்ட் போட்டு இழுக்கும் தட்டை வகைப் புல்லரைத்தான் வாங்க வேண்டும். கொழும்பில் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் சொல்லி வைத்தால் கிடைக்கும்.

மதுரை, வாகன உரிமையாளர்

என் ஃபோர்டு ஃபியஸ்டா பெட்ரோலில் ஏ.சி. பெல்ட்டுக்கு டென்ஷனரே கிடையாது. பெல்ட் தானே இழுபட்டு இறுக்கம் கொடுக்கும் வகை. முதலில் பார்த்த இடத்தில், "அட்ஜஸ்ட் செய்யும் போல்ட்டைக் காணோமே" என்று வெகுநேரம் தேடினார்கள். பிறகு ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஏற்றினார்கள். சில மாதங்களிலேயே பெல்ட்டின் ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கியது. நெம்பும்போது உள்ளே இருக்கும் இழைகள் அறுந்திருக்கின்றன.

அடுத்த முறை நானே டூலை வாங்கிக்கொண்டு போனேன். சின்ன வளைந்த துண்டு, விலையும் பயமுறுத்தவில்லை. புல்லியின் ஓரத்தில் அதைப் பொருத்தி, பெல்ட்டை அதன்மேல் வைத்து, ஸ்பேனரால் கிராங்க்கை மெதுவாகச் சுற்றினால் பெல்ட் தானாகவே ஏறி வரிப்பள்ளங்களில் அமர்ந்துவிடுகிறது. பழையதைக் கழற்ற மெனக்கெட வேண்டாம், வெட்டி எடுத்துவிடலாம். கழற்றிய பெல்ட்டைத் திரும்பப் போடவும் கூடாது. இன்று அந்தத் துண்டு என் காரின் டிக்கியிலேயே கிடக்கிறது.

திருச்சி, பாலிடெக்னிக் மாணவர்

கோவை ஐயா, டஸ்டர் 1.5 டீசலுக்கு லாக் செய்யும் பின் கிடைக்கவில்லை. அதே தடிமனில் ட்ரில் பிட் செருகினால் ஆகாதா? எங்கள் பக்கத்துப் பட்டறையில் அப்படித்தான் செய்கிறார்கள்.

கோவை, கார் பட்டறை

தம்பி, கேம் பக்கம் 8 மி.மீ. பின், அதன் ரெனோ எண் மோட் 1430. அது சக்கரத்தின் துளை வழியாக ஹெட்டுக்குள் போய் நிற்பது. அந்த இடத்துக்கு லேத்தில் அளவாகக் கடைந்த மழுமழுப்பான தண்டு போட்டால் ஒத்துக்கொள்வேன். ட்ரில் பிட் வேண்டாம். அது கடினமான இரும்பு, பக்கவாட்டு அழுத்தம் பட்டால் வளையாது, முறியும். முறிந்த துண்டு உள்ளே சிக்கினால் எடுப்பது பெரும்பாடு.

கிராங்க் பக்கம் கதையே வேறு. மோட் 1489 என்பது இன்ஜின் பிளாக்கில் ஒரு மூடியைக் கழற்றிவிட்டு மரையில் திருகி ஏற்றும் பின். கிராங்க்கை இன்ஜின் சுழலும் திசையில் மெதுவாகச் சுற்றிக்கொண்டே வந்தால் அந்தப் பின்னின் முனையில் வந்து முட்டி நிற்கும். அந்த முட்டுதான் உன் அளவு. எனவே நீளம் ஒரு மயிரிழை மாறினாலும் அளவே மாறிவிடும். இதை மட்டும் வாங்கித்தான் ஆக வேண்டும். இன்னொன்று, அந்தப் பின் இடத்தைக் காட்டுவதற்கு மட்டுமே. அதில் கிராங்க்கை முட்டவைத்துக்கொண்டு புல்லி போல்ட்டைத் திருப்பாதே. போல்ட்டைக் கழற்றும்போதும் இறுக்கும்போதும் ஃப்ளைவீல் பக்கம் தனியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பெல்ட் ஏற்றி டென்ஷனரை இறுக்கியதும் எல்லாப் பின்களையும் எடுத்துவிட்டு, கையால் கிராங்க்கை இரண்டு முழுச் சுற்றுச் சுற்று. பிறகு திரும்பவும் பின்களைப் போட்டுப் பார். தடையில்லாமல் இறங்கினால் மூடலாம். இல்லையென்றால் முதலில் இருந்து.

செட் வாங்கும்போது டஸ்டர் என்று மட்டும் சொல்லாதே, 'கே9கே' என்று இன்ஜின் வகைக் குறியீட்டைச் சொல்லிக் கேள். அதே இன்ஜின் நிஸான் சன்னி, மஹிந்திரா வெரிட்டோ டீசலிலும் இருக்கிறது, அந்த வண்டிகளுக்கு வைத்திருக்கும் செட்டே உனக்கும் பொருந்தலாம். சந்தேகம் இருந்தால் இன்ஜின் எண்ணையும், கடையில் காட்டும் பெட்டியின் உள்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பு. பணம் கொடுப்பதற்கு முன் பார்த்துச் சொல்கிறேன்.