மொய்க் கவரில் வந்த முதல் ஃபீஸ்

கட்டணம் கேட்பது பற்றி உளவியலாளர்கள் குழு ஒன்றில் நடந்த பேச்சு.

மதுரை உறுப்பினர்:

சொந்தமாக அறை எடுத்து உட்கார்ந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. மருத்துவ உளவியலில் எம்.ஃபில். முடித்து ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவும் வாங்கி, நான்கு ஆண்டு ஒரு மருத்துவமனையில் சம்பளத்துக்கு இருந்தேன். அங்கே பணம் வாங்குவது கவுன்ட்டரின் வேலை. தொகையை என் வாயால் சொன்னதே இல்லை.

தனியாகத் தொடங்கிய முதல் வாரம் ஒரு அம்மா தொலைபேசியில், "ஃபீஸ் எவ்வளவு மேடம்?" என்றார். "முதலில் வாருங்கள், உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்" என்றேன். பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன், உண்மையில் பயம். வந்தார், பேசினார், கிளம்பும்போது மேசைமேல் ஒரு கவரை வைத்தார். மூலையில் மஞ்சள், வெளியே ஒட்டிய ஒரு ரூபாய் நாணயம். மொய்க் கவரேதான். மொத்தம் 501.

மூன்று முறை வந்தார், பிறகு நின்றுவிட்டார். சில மாதம் கழித்து அவரே அழைத்தார். "வரும் வழியெல்லாம் இன்றைக்கு எவ்வளவு வைப்பது என்றுதான் ஓடும் மேடம். குறைத்தால் உங்களுக்கு மரியாதைக் குறைவு, கூட்டினால் வீட்டில் கேள்வி." பதற்றம் தாளாமல் என்னிடம் வந்தவர் அவர்! (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அடுத்து 500 என்று நிர்ணயித்தேன். பக்கத்துக் கட்டடத்துத் தோல் மருத்துவர் 500 வாங்கினார், அதற்கு மேல் கேட்க நாக்கு எழவில்லை. அவருக்கு ஓர் ஆளுக்குப் பத்து நிமிடம். எனக்கு 50 நிமிடம், குறிப்பெழுத இன்னும் பத்து. இது உறைக்கவே ஆறு மாதம் ஆயிற்று.

ஒரு ஞாயிறன்று நோட்டை எடுத்து எழுதினேன். வாடகையும் மின்சாரமும் 11,000. என் வேலையைப் பற்றி மூத்தவர் ஒருவரிடம் மாதம் இரண்டு முறை கலந்துபேசும் மேற்பார்வை, 3,000. பயிற்சி, புத்தகம், தொலைபேசி எல்லாம் சேர்த்து 4,000. ஆக 18,000. வாரம் 15 பேருக்கு நேரம் கொடுத்தால் மூன்று பேர் வராமல் போகிறார்கள். மாதத்துக்கு 48 அமர்வு. 500 வீதம் 24,000. செலவு போகக் கையில் 6,000! வீட்டுக்கு 40,000 வேண்டுமென்றால் அமர்வுக்குச் சுமார் 1,200 வாங்கியாக வேண்டும். என் தகுதி 1,200 பெறுமா என்று அதுவரை மனத்தைக் குடைந்துகொண்டிருந்தேன். கூட்டல் கழித்தலில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

கோவை உறுப்பினர்:

எனக்குத் தொல்லை சொந்தக்காரர்கள். ஒரு கல்யாணப் பந்தியில் சித்தப்பா, "சும்மா பேசுவதற்கு ஆயிரமா?" என்று இலை முன்னால் வைத்துக் கேட்டார். மறுவாரமே தன் மகனைப் பார்க்கச் சொல்லி அழைப்பு, அதுவும் இலவசமாக. உறவினரைப் பார்ப்பது எங்கள் தொழில் நெறிக்கு ஒத்துவராது, பணம் கொடுத்தாலும் பார்க்க மாட்டேன் என்று சொல்லி, தெரிந்த ஒருவரிடம் அனுப்பினேன். அங்கே முழுக் கட்டணமும் கட்டினார் சித்தப்பா! அவருக்கு வலித்தது தொகை அன்று, அதை அண்ணன் மகன் வாங்குவது.

"இன்சூரன்ஸில் கிடைக்குமா?" என்ற கேள்விக்கும் பதில் வைத்துக்கொள்ளுங்கள். உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017 ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் கொடுக்கும். வாரம் ஒருமுறை வந்து போகிறவர் கைக்காசுதான் போட வேண்டும். இதை முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுகிறேன்.

தேனி உறுப்பினர்:

கணக்கெல்லாம் சரி, மதுரைத் தோழி. எங்கள் ஊரில் துணிக்கடையில் நிற்கும் பெண் ஒரு நாள் முழுக்க நின்றாலும் 1,200 கிடைக்காது. அவர் என்ன செய்வார்?

மதுரை உறுப்பினர்:

இந்தக் கேள்வியைக் காட்டித்தான் ஓராண்டு எல்லோரிடமும் 500 வாங்கினேன். காரில் வந்து இறங்கியவருக்கும் அதே 500. அந்தப் பெண்ணுக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. இப்போது வாரத்தில் இரண்டு இடம் 300 ரூபாய்க்கு. யாருக்கு என்று முதல் நாளே பேசி, எத்தனை வாரம் என்றும் முடிவுசெய்துவிடுகிறோம். அந்த இரண்டும் நிரம்பியிருந்தால் அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவைச் சொல்கிறேன், அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலிமானஸின் 14416 எண்ணையும் கொடுக்கிறேன். இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. மூன்றாவது இடம் திறக்க ஆசைதான்; நோட்டு இடம் கொடுக்கவில்லை.

தேனி உறுப்பினர்:

300 கூடத் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். போகட்டும், வராமல் போகிற அந்த மூன்று பேரிடம் பணம் கேட்கிறீர்களா?

மதுரை உறுப்பினர்:

24 மணி நேரத்துக்கு முன் சொன்னால் ஒன்றுமில்லை. சொல்லாமல் நின்றால் பாதி. முதல் நாள் கையெழுத்து வாங்கும் தாளில் இது இருக்கிறது. எழுதி வைத்திருக்கிறேனே தவிர, இதுவரை இரண்டே பேரிடம்தான் கேட்டிருக்கிறேன். அதில் ஒருவர் உடனே அனுப்பிவிட்டார். மற்றவரிடம், "காய்ச்சலாக இருந்திருக்கும், பரவாயில்லை" என்று நானே காரணமும் சொல்லிக்கொடுத்துவிட்டேன்.