பள்ளிக்கூடம் திறக்கறாங்க, பையன் பையில சானிடைசர் வெச்சு விடலாமா? (2021ல, கொரோனா நேரத்துல நடந்த பேச்சு)

பென்னாகரம் அம்மா:
வணக்கங்க. 2021 நவம்பர் 1ல இருந்து ஒண்ணாவது முதல் எட்டாவது வரைக்கும் திறக்கறாங்க. கொரோனாவால 2020 மார்ச்ல மூடினது. என் பையன் இப்ப ரெண்டாவது, ஒண்ணாவது வகுப்பு பெஞ்சுல உட்காரவே இல்ல. பள்ளிக்கூடத்துல குடிக்க ஒகேனக்கல் தண்ணி வருது, கை கழுவ போர் தண்ணிதான். உப்புத் தண்ணி, சோப்பு நுரைக்கவே மாட்டேங்குது. சானிடைசர் பாட்டில் ஒண்ணு பையில வெச்சு விட்டுடலாம்னு வீட்டுக்காரர் சொல்றார். மாமியாருக்கு சுகர் வேற இருக்கு, அதான் பயம். டீச்சருங்க, நர்ஸுங்க யாராச்சும் சொல்லுங்க.

பாலக்கோடு டீச்சர்:
சின்னப் பிள்ளை கையில சானிடைசர் வேண்டாம்மா. வாசனையா இருக்குன்னு வாயில வெச்சுடும், கண்ணுல பட்டா எரியும். மண்ணுல விளையாடிட்டு வந்த அழுக்குக் கையில அது சரியா வேலையும் செய்யாது. சோப்புதான் நல்லது. கொரோனா கிருமிக்கு மேல ஒரு கொழுப்புப் படலம் இருக்கு, சோப்பு பட்டா அது கரைஞ்சு கிருமி செத்துடும்.

நுரை வரலைன்னு விட்டுடாதீங்க. உப்புத் தண்ணியில சோப்பு கூடுதலா செலவாகும், அவ்வளவுதான். கை வழுவழுன்னு ஆகற வரைக்கும் போட்டு, விரல் இடுக்கு, கட்டை விரல், நகக்கண் எல்லாம் 20 நொடி தேய்க்கணும். பிள்ளைங்க உள்ளங்கையை மட்டும் தேய்ச்சுட்டு ஓடிடுவாங்க, கட்டை விரலைத் தொடவே மாட்டாங்க. வீட்டுல நீங்க பக்கத்துல நின்னு பழக்குங்க.

எங்க பள்ளியில ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பிள்ளைங்க செப்டம்பர் 1லயே வந்துட்டாங்க. குழாய்கிட்ட சோப்பு வெச்சா சாயங்காலத்துக்குள்ள சாக்கடையில கிடக்கும். அதனால வெங்காயம் வர்ற சிவப்பு வலையில சோப்பைப் போட்டு குழாயிலயே கட்டிட்டோம். வலையோட சேர்த்துத் தேய்க்கறாங்க, கீழ விழறதில்ல, ஈரமும் வடிஞ்சுடுது. சாப்பாட்டு மணிக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே கை கழுவ ஒரு மணி அடிக்கிறோம். தட்டைத் தூக்கிட்டு வரிசையில நின்ன பிறகு சொன்னா எந்தப் பிள்ளை திரும்பிப் போகும்? உங்க பள்ளி ஹெச்.எம். கிட்ட இந்த ரெண்டையும் கேட்டுப் பாருங்க, பெரிய செலவில்ல.

மாஸ்க்கு ரெண்டு குடுத்து விடுங்க. வேர்வையில நனைஞ்சா மாத்தணும். பிள்ளைங்க கலர் பிடிச்சிருக்குன்னு ஒருத்தர் மாஸ்க்கை இன்னொருத்தர் மாத்திப் போட்டுக்கறாங்க, பெரிய பிள்ளைங்களே செய்யறாங்க. ஓரத்துல கலர் நூல்ல பேர் தைச்சுடுங்க.

கிருஷ்ணகிரி நர்ஸ்:
டீச்சர் சொன்னது சரி. நான் கேக்கறது வேற. மாமியாருக்கு கொரோனா தடுப்பூசி ரெண்டு டோஸும் போட்டாச்சாம்மா? பிள்ளைங்களுக்கு வந்தா பெரும்பாலும் லேசாப் போயிடும். அதை வீட்டுக்குக் கொண்டாந்தா சுகர் இருக்கிற வயசானவங்களுக்குத்தான் கஷ்டம். இந்த வயசுப் பிள்ளைங்களுக்கு இன்னும் ஊசி வரல, வீட்டுப் பெரியவங்க போட்டுக்கிறதுதான் இப்போதைக்குக் காப்பு. செப்டம்பர் 12ல இருந்து தடுப்பூசி மெகா முகாம் நடக்குது, ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் போடறோம். காசு கிடையாது.

பையனுக்கு லேசா ஜுரம், இருமல்னாலும் மாத்திரை குடுத்து அனுப்பாதீங்க. லீவு போடுங்க, டெஸ்ட் எடுங்க. சந்தேகம்னா அரசு மருத்துவ உதவி எண் 104க்கு போன் பண்ணுங்க.

பென்னாகரம் அம்மா:
ரொம்ப நன்றிங்க. மாமியார் ஒரு ஊசிதான் போட்டிருக்காங்க, ரெண்டாவதுக்குக் காய்ச்சல் வரும்னு தள்ளிட்டே இருக்காங்க. இந்த வாரமே கூட்டிட்டுப் போறேன். இன்னொண்ணு, போர் தண்ணியில ஃப்ளூரைடு இருக்குங்கறாங்களே, அதுல கை கழுவலாமா?

பாலக்கோடு டீச்சர்:
தாராளமா கழுவலாம்மா. ஃப்ளூரைடு குடிச்சாத்தான் பல்லையும் எலும்பையும் கெடுக்கும், கை கழுவறதால ஒண்ணும் ஆகாது. வாய் கொப்பளிக்கவும் குடிக்கவும் மட்டும் ஒகேனக்கல் தண்ணி. வீட்டுல இருந்தே பாட்டில்ல குடுத்து விடுங்க, யார்கிட்டயும் வாய் வெச்சுக் குடிக்கக் குடுக்க வேணாம்னு சொல்லி அனுப்புங்க.